நாலு மணி சிப்பி வகுப்பு

மழை நான்காவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. நான் நான்காவது நாளாக அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

தீவுக்குக் கிளம்பும் முன் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு பட்டியல் போட்டிருந்தேன். ஏழு நாளுக்கு இருபத்திரண்டு வேலை. பவளப்பாறை பார்ப்பது, துடுப்புப் படகு ஓட்டுவது, மீன்களுக்கு நடுவே நீந்துவது, மணலில் மல்லாந்து படுத்து ஒன்றுமே செய்யாமல் இருப்பது. கடைசி வேலைக்கு மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். இருபத்திரண்டுக்கும் வெயில் வேண்டும். வானம் என் பட்டியலைப் படிக்கவே இல்லை.

"உட்காருடா. நடந்து நடந்து தரை தேஞ்சிடப் போகுது," என்றாள் சித்தி.

"உட்கார்ந்து உட்கார்ந்து நான் தேஞ்சிட்டேன், அது பரவாயில்லையா?"

சித்தி என் சட்டை நுனியை இழுத்துத் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண்ணாடி துடைப்பது எப்போதும் அடுத்தவர் துணியில்தான். அம்மாவின் கடைசித் தங்கை, என்னைவிட ஒன்பது வயது பெரியவள். பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அதில் மொத்தம் இரண்டு நாற்காலி. ஆடாத நாற்காலி அவளுக்கு, ஆடுகிற நாற்காலி எனக்கு. "வேலையை மறந்துட்டு ஒரு வாரம்" என்று சொல்லித்தான் என்னை அழைத்து வந்தாள்.

நேற்று மாலை ஆறு மணிக்கு மூன்றாம் நம்பர் காட்டேஜில் பல் டாக்டரின் மனைவி போட்ட அலறலோடு அந்த ஒரு வாரம் முடிந்துவிட்டது.

மேஜைமேல் கழற்றி வைத்திருந்த ஒரு ஜோடி வைரத் தோட்டைக் காணோம். செத்துப்போன அம்மா காதில் கிடந்தது என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மாள் அழுதார். பூட்டை யாரும் உடைக்கவில்லை. உடைப்பதற்குப் பூட்டு பூட்டினால்தானே? ஈரத்தில் மரக்கதவுகள் ஊதிப்போய் ஒரு கதவும் நிலையில் பொருந்தவில்லை. எல்லோரும் சும்மா சாத்திவிட்டுத்தான் போய்வந்துகொண்டிருந்தோம்.

நான்கு மணிக்குத் தோடு இருந்தது. ஐந்திலிருந்து ஆறு வரை தீவிலிருந்த எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றாக இருந்தோம். ஆக, போனது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாதவர் ஒரே ஒருவர். காட்டேஜ் காட்டேஜாகப் போய்க் காய்ந்த துண்டும் குடையும் கொடுக்கும் துண்டுக்காரர். மேனேஜர் மூன்று தடவை கேட்டார். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாளாக வராத படகு இன்று பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் செய்தி. அதில் துண்டுக்காரரை ஏற்றி அக்கரைப் போலீசில் ஒப்படைத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இப்போது மணி ஒன்பதரை.

சாத்திய கதவை யாரோ தோளால் தள்ளித் திறந்தார்கள். போர்டு அக்கா.

விருந்தினர் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். வெயிலில் செய்ய வேண்டியதெல்லாம் மழையில் கெட்டுப்போனால், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று திட்டம் போடுவதுதான் அவர் வேலை. தினமும் காலையில் வரவேற்பறைப் போர்டில் ஏழு நிகழ்ச்சி எழுதுவார். மூச்சுப் பயிற்சி, துண்டில் அன்னப்பறவை செய்வது, சமையல், பிங்கோ, டேபிள் டென்னிஸ், நாலு மணிக்கு மாடி நூலகத்தில் சிப்பி வகுப்பு, ஐந்து மணிக்குக் கயிறு முடிச்சு. ஆளுக்கு ஒரு மழை அட்டை, அதில் ஏழு கட்டம். ஒவ்வொன்றிலும் கலந்துகொண்டால் ஒரு சீல். ஏழும் விழுந்தால் தீவைச் சுற்றி இலவசப் படகுச் சவாரி.

"மேடம், நீங்க துப்பறியறவங்கன்னு சார் சொன்னார்," என்றார்.

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் ஈரத் துண்டே பற்றிக்கொண்டிருக்கும்.

"அவர் எடுக்கல மேடம்."

"எப்படித் தெரியும்?"

"அவர் என் வீட்டுக்காரர்."

"அது பதில் இல்லம்மா. நாலு மணிக்கு அவர் எங்க இருந்தார்?"

போர்டு அக்காவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. "எடுக்கல மேடம்," என்று மறுபடியும் சொல்லிவிட்டு, மழையில் குடைகூட இல்லாமல் ஓடிப்போனார்.

"புருஷன் பேசமாட்டேங்கறான். பொண்டாட்டியும் பேசமாட்டேங்கறா," என்றாள் சித்தி. "ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் முழுங்கறாங்க. செருப்பைப் போடுடா."

*

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு படகுக்காக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்றால், எங்களைத் தவிர நான்கு பேர். பல் டாக்டர், அவர் மனைவி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அப்புறம் நன்றி சார்.

நேற்று நாலு மணிக்கு டாக்டரும் மனைவியும் டீச்சரும் நானும் டேபிள் டென்னிஸ் ஆடினோம். டீச்சரிடம் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றேன். அந்த இரண்டும் அவர் தும்மியபோது கிடைத்தது. மேனேஜரும் சமையற்காரரும் தீவின் துடுப்புப் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் படகுக்காரரும் ஒழுகுகிற சமையலறைக் கூரைமேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டியது இரண்டு பேர், கத்தியது மேனேஜர். சித்தி தூங்கினாள், குறட்டைக்கு அக்கம்பக்கமே சாட்சி.

மிச்சம் நன்றி சார். கதவு திறந்தால் நன்றி, டீ வைத்தால் நன்றி, குடையை எடுத்தால் குடை ஸ்டாண்டுக்கும் ஒரு நன்றி சொல்லக்கூடிய மனுஷர். நாலு நாளில் நான் எரிந்து விழாத ஒரே ஆள் அவர்தான்.

"நேத்து நாலு மணிக்கா? சிப்பி வகுப்புல இருந்தேன் மேடம்," என்றார் சித்தியிடம். "நானும் அந்த போர்டு அம்மாவும் மட்டும்தான். எவ்வளவு பொறுமையா சொல்லிக்கொடுத்தாங்க தெரியுமா? ராத்திரி மேனேஜர் கேட்டப்ப அவங்களும் ஆமான்னாங்க. நீங்க விசாரிச்சதுக்கு நன்றி."

எனக்குக் காதில் புகை வந்தது. "என்னது? நேத்து சிப்பி வகுப்பு நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு தம்பி."

சட்டைப் பையிலிருந்து என் மழை அட்டையை எடுத்து மேஜையில் அடித்தேன். ஆறு சீல். ஆறாவது கட்டம் மட்டும் காலி. "முதல் நாள் போனேன், அலமாரிச் சாவியைக் காணோம்னாங்க. ரெண்டாவது நாள் போனேன், தொண்டை கட்டிருச்சுன்னாங்க. நேத்து ரெண்டு மணிக்கே போய்க் கேட்டேன், இன்னிக்குக் கிடையாது சார்னு சொல்லி அனுப்பிட்டு, உங்களுக்கு மட்டும் தனியா நடத்தியிருக்காங்க! என்ன அநியாயம் இது?"

"டேய், ஒரு சீலுக்கா இப்படிக் குதிக்கற?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு சீல் இல்ல டீச்சர், ஏழாவது சீல்!"

நன்றி சார் சிரித்தபடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதன் ஜிப்பில் நேற்று முடிச்சு வகுப்பில் கட்டிய நீலக் கயிற்று உருண்டை தொங்கியது. சித்தியைத் தவிர எங்கள் எல்லோரிடமும் அது ஒன்று இருந்தது. என்னுடையது நசுங்கின கத்தரிக்காய். அவருடையது கச்சிதம்.

நான் கத்தி முடித்துத் திரும்பினால், சித்தி முகத்தில் ஒரு சிரிப்பு. இன்சூரன்ஸ் காலத்திலிருந்தே எனக்குத் தெரிந்த சிரிப்பு அது.

"உன் அல்பத்தனத்துக்கு ஒரு நாள் கோயில் கட்டணும்டா," என்றாள் மெதுவாக. "வா, மாடிக்கு."

*

நூலகக் கதவைத் தள்ளியதும் டொக், டொக் என்று சத்தம். நடு மேஜைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. மேஜைமேல் ஒரு வாளி, பக்கத்தில் தரையில் இன்னொரு வாளி. நாற்காலிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. கண்ணாடி அலமாரிக்குள் சிப்பிகளும் சங்குகளும் தூசி மூடி உட்கார்ந்திருந்தன.

"இங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்டாராம்," என்றேன். "எதுல உட்கார்ந்தார், வாளியிலயா?"

கீழே வரவேற்பறையில் போர்டு அக்காவின் மேஜை இருந்தது. அவர் அங்கே இல்லை. மூடாத மரப்பெட்டியில் ஏழு சீல்கள் வரிசையாக இருந்தன. சித்தி ஒவ்வொன்றாக எடுத்து என் சட்டையில் குத்தினாள். மீன், நண்டு, ஆமை, நட்சத்திரம், நங்கூரம், துடுப்பு. ஆறும் பழைய மையிலேயே நீலமாக விழுந்தன.

"சித்தி, இது என்னோட நல்ல சட்டை!"

"அதான் நல்லா விழுது."

ஏழாவது, சிப்பிப் படம். குத்தினாள். ஒன்றும் விழவில்லை. திருப்பிப் பார்த்தோம். ரப்பர் வெளேரென்று இருந்தது. வாங்கிய அன்று பூசியிருந்த பவுடர்கூட அப்படியே இருந்தது. அந்த சீல் பிறந்ததிலிருந்து மை என்பதையே பார்த்ததில்லை.

"எடுத்துப் பார்த்துட்டீங்களா மேடம்?"

பின்னால் போர்டு அக்கா நின்றிருந்தார். அழுது முடித்த முகம்.

"எத்தனை நாளா?" என்று சித்தி கேட்டாள்.

"மூணு மழைக்காலமா." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மழை நாளுக்கு ஏழு நிகழ்ச்சி வேணும்னு தலைமை ஆபீஸ்ல சொன்னாங்க. நானும் எவ்வளவோ யோசிச்சேன் மேடம், ஆறுக்கு மேல எனக்கு வரல. அலமாரில சிப்பி இருந்துச்சு. சிப்பி வகுப்புன்னு எழுதிப்போட்டேன். மாடி ஏறி யாரும் வரமாட்டாங்க. எப்பவாவது ஒருத்தர் கேட்டா ஏதாவது சாக்கு. யாரும் ரெண்டாவது தடவை கேட்டதில்ல. இந்த சார் மட்டும்தான் தினமும்..."

"எனக்கு வேற வேலை இல்லக்கா," என்றேன்.

"நேத்து நாலு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" சித்தி விடவில்லை.

"துணி அறையில. அவர்கூட." குரல் தேய்ந்தது. "அவர் இதைச் சொன்னா வகுப்பு பொய்னு தெரிஞ்சிரும், என் வேலை போயிரும். அதான் வாயைத் திறக்காம நிக்கறார். ராத்திரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வகுப்பு நடந்துச்சா, யார் வந்தாங்கன்னு கேட்டார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்ப அந்த நன்றி சார் தானாவே முன்னாடி வந்து, நான்தான் போயிருந்தேன், ரொம்ப நல்லா இருந்துச்சுன்னார். நானும் ஆமான்னுட்டேன். தெய்வம் மாதிரி என்னைக் காப்பாத்தினார் மேடம்."

"உன்னை ஏன் காப்பாத்தணும்?"

"நல்ல மனுஷர், அதான்..."

"இரும்மா. உன்னைக் காப்பாத்தணும்னா உனக்கு ஆபத்துன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். வகுப்பு பொய்னு உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

சித்தி மாடிப் பக்கம் கை காட்டினாள்.

"நாலு மணிக்கு மாடிக்கு வந்து பார்த்திருக்கார். காலி அறை, ரெண்டு வாளி. உன் குட்டு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. இங்க இருந்தேன்னு அவர் சொன்னா உன்னால இல்லன்னு சொல்லவே முடியாது, இல்லையா? உன் பொய்யை அவர் வாடகைக்கு எடுத்துக்கிட்டார்மா. அவர் காப்பாத்தினது உன்னை இல்ல."

போர்டு அக்காவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். புருஷனைப் போலீசுக்கு அனுப்பும் வேலையில் பாதியைத் தானே செய்துவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்பவே போய் மேனேஜர்கிட்ட சொல்றேன்," என்று எழுந்தார்.

"சொன்னா, புருஷனுக்காகக் கதை கட்டறான்னு சொல்லுவார். தோடு கையில வேணும்." சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். "ராத்திரியே எல்லா பையையும் கொட்டிப் பார்த்தாச்சு. அவர் பையிலயும் ஒண்ணும் இல்ல. அப்ப எங்க?"

*

மழை கொஞ்சம் தளர்ந்தது. நாலு நாளாக நான் கேட்டது அதுதான். இப்போது இன்னும் கொட்டட்டும் என்றிருந்தது. மழை நின்றால் படகு வந்துவிடும்.

படகுத்துறைக் கொட்டகையில் படகுக்காரர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் நேற்று ஐந்து மணிக்கு எங்களுக்கு முடிச்சு கற்றுக்கொடுத்தவர். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, உங்க கத்தரிக்காய் எப்படி இருக்கு?" என்றார்.

"பிரிஞ்சு, உள்ள இருந்த கல் விழுந்து, கால் கட்டை விரல் வீங்கிப்போச்சு."

"கல்லு பத்திரமா இருக்குல்ல? இந்தத் தீவுல உருண்டைக் கல்லு கிடைக்கறது குதிரைக் கொம்பு. எண்ணித்தான் வெப்பேன். நேத்து அஞ்சு பேருக்கு அஞ்சு கயிறு, அஞ்சு கல்லு. கல்லு வெச்சிருந்த பாத்திரத்தைக் கழுவ எடுத்தா ஒரு கல்லு அதுலயே கிடக்கு. யாரோ கல்லு வெக்காமலே கட்டியிருக்காங்க."

சித்தி சட்டென்று நின்றாள். "கல் இல்லாம அந்த உருண்டையைக் கட்ட முடியுமா?"

"முடியாதும்மா. குண்டு முடிச்சுக்கு வயித்துக்குள்ள ஏதாவது வேணும். இல்லன்னா அமுங்கிப் போயிரும். அஞ்சும் உருண்டையாத்தான் இருந்துச்சு. தம்பியோடதைத் தவிர."

நானும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பையின் ஜிப்பில் எல்லோர் கண் முன்னாலும் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கச்சிதமான நீல உருண்டை. பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள், பைக்கு வெளியே தொங்கியதை யாரும் தொடவில்லை.

"எல்லாரும் பார்க்க, அதே கூடத்துல உட்கார்ந்து கட்டியிருக்கார்," என்றேன். "அடப்பாவி! கல்லை மட்டும் ஏன் பாத்திரத்துலயே போட்டார்?"

"எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கற பழக்கம். மரியாதைக்காரர் இல்லையா?" சித்தி கயிற்றைத் தொட்டாள். "இந்தக் கயிறு தண்ணியில மிதக்குமா?"

"வலைக்குக் கட்டற கயிறும்மா. மிதக்கத்தான் இதை வாங்கறது. கல்லு இருந்தா முழுகும்."

போர்டு அக்கா எங்கள் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். இப்போது முந்தானையை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

"மேடம், மழை நாளுக்கு நிகழ்ச்சி போடறது என் வேலை. இன்னிக்கு இன்னொண்ணு போடறேன்."

*

பதினொன்றே முக்காலுக்குப் படகுத்துறைக் கூரையின் கீழே எல்லோரும் கூடி நின்றோம். மூலையில் துண்டுக்காரர். மேனேஜர் அவர் பக்கத்திலேயே நின்றார், ஓடிவிடுவாரோ என்று. சுற்றிலும் கடல், எங்கே ஓடுவது? தூரத்தில் படகின் வெள்ளை மூக்கு அலையில் ஏறி இறங்கியது. டாக்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். டாக்டரின் மனைவி நடந்தார். நான் நாலு நாள் அனுபவத்தோடு நடந்தேன்.

போர்டு அக்கா ஒரு பெரிய வாளி நிறைய மழைத் தண்ணீரை நடுவில் வைத்துக் கை தட்டினார்.

"படகு வர்றதுக்குள்ள கடைசியா ஒரு போட்டி! நேத்துக் கட்டின முடிச்சைத் தண்ணியில போடணும். எது முதல்ல அடியைத் தொடுதோ, அவங்களுக்குப் பரிசு!"

வேறு நேரமாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். நாலு நாள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ஒரு வாளியும் போட்டியும் போதும். டாக்டர் போட்டார், முழுகியது. மனைவி அழுத கண்ணோடு போட்டார், முழுகியது. டீச்சர் உயரத்திலிருந்து குறி பார்த்துப் போட்டார். நான் என் கத்தரிக்காயை மறுபடியும் கட்டி எடுத்து வந்திருந்தேன். அதுகூட ஒழுங்காக முழுகியது.

"சார், நீங்க?" போர்டு அக்காவின் குரல் துளிகூட நடுங்கவில்லை.

"இல்லம்மா. எனக்கு வேணாம். நன்றி."

நாலு நாளில் அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன சார், தோத்துருவீங்கன்னு பயமா?" டீச்சருக்குப் போட்டி என்றால் மற்றதெல்லாம் மறந்துபோகும். அவர் மறுக்குமுன் கையை நீட்டி, ஜிப்பிலிருந்து உருண்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டார்.

அது முழுகவில்லை. தண்ணீர்மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஓரத்தில் ஒதுங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"கல்லு எங்க சார்?" என்று படகுக்காரர் கேட்டார்.

"கல்... மறந்துட்டேன் போலிருக்கு."

"கல்லு இல்லாம உருண்டை நிக்காதே. உள்ள என்ன வெச்சீங்க?"

சித்தி குனிந்து அதை எடுத்தாள். "மேனேஜர் சார், இதை அறுத்துப் பார்க்கலாமா?"

நன்றி சாரின் சிரிப்பு இன்னும் போகவில்லை. "மேனேஜர் சார், இது என்ன வேடிக்கை? தோடு போன நேரத்துல நான் சிப்பி வகுப்புல இருந்தேன். இந்தம்மாவே உங்ககிட்ட சொன்னாங்களே. என்னம்மா, சொன்னீங்கல்ல?"

"மேடம், விருந்தாளியை அவமானப்படுத்தறது நம்ம வழக்கம் இல்ல," என்று மேனேஜர் இழுத்தார். "அவர் எங்க இருந்தார்னு இவங்களே சொல்லிட்டாங்க."

எல்லோரும் போர்டு அக்காவைப் பார்த்தார்கள். படகின் ஹாரன் அடித்தது. மூலையிலிருந்து துண்டுக்காரர் நேற்றிலிருந்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, வேண்டாம் என்று மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நடக்கல சார்," என்றார் போர்டு அக்கா.

"என்னது?"

"அந்த வகுப்பு நேத்து நடக்கல. முந்தாநாள் நடக்கல. போன வருஷமும் நடக்கல. போர்டுல நான் சும்மா எழுதறேன் சார். மூணு மழைக்காலமா எழுதறேன். நேத்து ஆமான்னு சொன்னது பொய்." மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "நாலு மணிக்கு நான் துணி அறையில இவரோட டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்குக் காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு வரைக்கும் வேலை. இவருக்கு மத்தியானம் ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும். நான் தூங்கினப்புறம் இவர் வருவார், இவர் தூங்கறப்ப நான் கிளம்பிருவேன். அந்த ஒரு மணி நேரம்தான் சார் நாங்க புருஷன் பொண்டாட்டி. என் வேலையை எடுத்துக்கங்க. இவரை விட்டுடுங்க."

எனக்கு நக்கல் ஒன்றும் வரவில்லை.

மேனேஜர் தன் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து நீட்டினார். படகுக்காரர் நீலக் கயிற்றை அறுத்தார். உள்ளே ஒரு பஞ்சு உருண்டை. அதைப் பிரித்ததும் இரண்டு தோடும் அந்தச் சாம்பல் வெளிச்சத்திலும் பளிச்சென்று மின்னின. டாக்டரின் மனைவி வாங்கவில்லை, பிடுங்கிக்கொண்டார். அப்படியே நேராகத் துண்டுக்காரரிடம் போய், "என்னை மன்னிச்சிருங்க அண்ணா," என்று சொல்லி அழுதார்.

நன்றி சார் படகில் ஏறும்போது ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் படகுக்காரர். படியில் கால் வழுக்கியது. துண்டுக்காரர்தான் கை கொடுத்தார். மனுஷனுக்குப் பழக்கம் விடுமா? "நன்றி" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மேனேஜர் ஏறுவதற்கு முன் போர்டு அக்காவிடம் திரும்பினார். "மூணு வருஷமா என்னையும் ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இவரை ஒப்படைச்சுட்டு இதே படகுல மூணு மணிக்கு வந்துடுவேன். நாலு மணி வகுப்பு போர்டுல இருக்கு. எழுதினதை நடத்துங்க. நானும் வந்து உட்காருவேன்."

*

அந்தப் படகில் வேறு யாரும் போகவில்லை. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது ஒரு காரணம். டாக்டரின் மனைவி வகுப்புக்கு இருந்துவிட்டுத்தான் போவேன் என்று பெட்டியைத் திறந்தது இன்னொரு காரணம்.

நாலு மணிக்கு மாடி நூலகத்தில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டோம். வாளிகளுக்கு நடுவே போர்டு அக்கா நின்று, அலமாரியிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் காட்டினார்.

"இது சிப்பி."

"என்ன சிப்பி?" என்றார் கணக்கு டீச்சர்.

"தெரியாது டீச்சர். நேத்து வரைக்கும் நான் இதைத் தொட்டதே இல்ல."

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் படகுக்காரர் எழுந்து, அது எந்தப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், எந்த மாதம் செத்துக் கரை ஒதுங்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். போர்டு அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாதி வகுப்பில் துண்டுக்காரர் உள்ளே வந்தார். ஆளுக்கு ஒரு காய்ந்த துண்டு கொடுத்தார். பிறகு வெளியே போய், இரண்டு கோப்பை டீயோடு திரும்பி வந்தார். ஒன்றை மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் பார்த்துவிட்டுச் சிப்பிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் அட்டையை நீட்டினேன். போர்டு அக்கா புது ரப்பரை ஸ்டாம்ப் பேடில் அழுத்தி அழுத்தி எடுத்துக் குத்தினார். பவுடர் போகாததால் பாதிச் சிப்பிதான் விழுந்தது.

"ஆறரை," என்றாள் சித்தி, என் துண்டில் கண்ணாடியைத் துடைத்தபடி.

"ஏழுதான். பரிசு படகுச் சவாரி, ஞாபகம் இருக்கட்டும்."

"இந்த மழையிலயா?"

பைக்குள்ளிருந்து என் பட்டியலை எடுத்து, இருபத்திமூன்றாவதாக 'சிப்பி வகுப்பு' என்று எழுதி அதற்கு மட்டும் டிக் போட்டேன். நாலு நாளில் முதல் தடவையாக ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. மணி ஐந்து அடிக்கும் வரை அந்தப் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் அந்த டீயைக் குடித்து முடிக்கவில்லை.